பின்வராந்தா மேற்கூரையில் நான்கு ஓட்டைகள்

பேட்டரியில் ஓடும் ஹேமர் டிரில் ஒன்றை நான் வாங்கியதற்குக் காரணம் கோபம். குளியலறையில் கண்ணாடி மாட்ட ஓட்டை போட வேண்டும் என்று கூப்பிட்ட எலக்ட்ரீஷியன், "இந்தா வந்துட்டே இருக்கேங்க்கா" என்று ஃபோனில் சொல்லியே ஒரு மழைக்காலத்தைக் கடத்திவிட்டார். கண்ணாடி அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல், கடைக்குப் போய் நானே வாங்கி வந்தேன்.

பெட்டியைத் திறந்ததும் என் கணவர் எட்டிப் பார்த்தார். அவர் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் மேற்பார்வையாளர். பெரிய கிரேன்களுக்கு நடுவில் நிற்பவருக்கு இந்தச் சின்ன எந்திரம் வேடிக்கையாக இருந்தது.

"ஏளா, துப்பாக்கி கணக்கா இருக்கு. யாரைச் சுடப் போற?"

"முதல்ல கண்ணாடியை மாட்டுதேன். பெறகு ஆளைப் பாப்போம்."

எனக்கு உப்புக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உப்பில் எவ்வளவு ஈரம், எவ்வளவு கால்சியம், எவ்வளவு கரையாத மண் என்று பார்த்து எழுதுவது. ஒரு வேலையைத் தொடங்கும் முன் அதன் முறையை முழுக்கப் படித்துவிட வேண்டும் என்பது அங்கே வந்த பழக்கம். டிரில்லோடு வந்த சிறு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். பிறகு கொல்லையில் ஒரு செங்கல், வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் துண்டு, ஒரு பலகை, ஓர் இரும்பு ஆங்கிள் ஆகியவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழகினேன்.

எந்திரத்தின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருப்பினால் மூன்று வேலைகள்: திருகு முடுக்குவது, சாதாரணமாகத் துளைப்பது, சுத்தியல் போல் அடித்துக்கொண்டே துளைப்பது. எல்லாத் தவறுகளும் இந்த வளையத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்துவதில்தான் தொடங்குகின்றன. நானும் அப்படித்தான் டைல்ஸை உடைத்தேன். வளையம் சுத்தியல் படத்தில் இருந்தது. பிட் என்கிற துளைக்கும் முனை தொட்ட மறுகணம் டைல்ஸ் குறுக்கே பிளந்தது. டைல்ஸுக்கு அடி ஆகாது. குறித்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி, பிட் வழுக்காமல் நிறுத்தி, மெதுவாகச் சுற்ற விட்டு, நனைத்த பஞ்சால் தொட்டுத் தொட்டுச் சூட்டைத் தணிக்க வேண்டும். டைல்ஸைத் தாண்டிச் சுவருக்குள் போன பிறகு நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, சுவர் பிட்டை மாற்றி, அப்போதுதான் அடியைத் தொடங்கலாம்.

மரத்துக்கும் அடி வேண்டாம். எங்கள் வீட்டுக் கதவுகள் வேப்பமரம். பின்பக்கம் ஒரு பலகைத் துண்டை அண்டக் கொடுக்காவிட்டால், பிட் வெளியே வரும்போது நாரைப் பிய்த்துக்கொண்டு வரும். இரும்புக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஆணியை வைத்து ஒரு தட்டு தட்டிச் சிறு பள்ளம் உண்டாக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குறைந்த வேகத்தில் அழுத்த வேண்டும். சுருள் சுருளாக வரும் இரும்புத் தூளைக் கையால் தள்ளக் கூடாது. அது சுடும், கிழிக்கும். தூரிகையால்தான் தள்ள வேண்டும். வாசல் கேட்டில் கதவிலக்கப் பலகையை அப்படித்தான் மாட்டினேன்.

செங்கல் சுவர் இவற்றிலெல்லாம் எளிது. ஆனால் அதற்குள்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், குழாய்க்கு நேர் மேலும் கீழும் தொடவே கூடாது. இந்த எந்திரத்தின் பெரிய வசதி, வீட்டு மெயினை அணைத்துவிட்டும் வேலை செய்யலாம் என்பது. நான் ஒவ்வொரு முறையும் அணைத்தேன். வளையல்களைக் கழற்றி, கொண்டையின் மேல் தொப்பி போட்டு, துப்பட்டா இல்லாமல், கண்ணுக்குக் கண்ணாடியும் வாய்க்கு மாஸ்க்கும் காதுக்கு அடைப்பானுமாக நின்றேன்.

"ஃபேன் நின்னுட்டுதேன்னு பாத்தா, வீட்டுக்குள்ள ஆப்பரேஷன் நடக்குது" என்பார் கணவர்.

போகப் போக, தூளைப் பார்த்தே பிட் எதற்குள் இருக்கிறது என்று சொல்ல வந்தது. பூச்சு சாம்பல் நிறத்தில் உதிரும். செங்கல் சிவப்பாக வழியும். வேப்பம்பலகை கசப்பு வாடையோடு வரும். நல்ல கான்கிரீட் மாவு போல் வெளுப்பாக, காய்ந்து, விரலில் ஒட்டாமல் வரும். இந்தக் கடைசி வாக்கியம் புத்தகத்தில் படித்தது. கான்கிரீட்டை நான் அதுவரை துளைத்ததில்லை.

எங்கள் வீட்டைக் கட்டியவன் என் தம்பி. சிவில் டிப்ளமா முடித்து, சில காலம் சாகுபுரத்தில் ஒரு காண்டிராக்டரிடம் இருந்துவிட்டுத் தனியாக வந்தவன். அடித்தளம் முதல் வெள்ளையடிப்பு வரை அவன் முழுதாகக் கட்டிய முதல் வீடு எங்களுடையதுதான். இன்றைக்குக் கையில் எப்போதும் வேலை இருக்கிறது. புதிதாக வீடு கட்ட வருகிறவர்களை முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டி வருவான். "எங்க அக்கா வீடுதான். உள்ள வந்து பாருங்க அண்ணாச்சி." நான் டீ போட்டுக் கொடுப்பேன். வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், கடைசியில் எங்கள் ஊரில் வீடு பார்க்கிற எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்பார்கள்: "கான்கிரீட்டுக்கு என்ன தண்ணி?"

இங்கே போர் போட்டால் தரைக்கடியிலிருந்து வருவது உப்புத் தண்ணீர். அதில் கான்கிரீட் கலந்தால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து, கூரை பொருக்குப் பொருக்காக விழும். அதனால் கான்கிரீட் போடுகிற நாளில் தாமிரபரணித் தண்ணீரை லாரியில் இறக்குவார்கள். மிக்சர் ஓடத் தொடங்கும் முன் வீட்டுக்காரர்களில் ஒருவர் தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கொத்தனாரே, "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று நீட்டுவார்.

எங்கள் வீட்டில் நான் பார்க்கவில்லை. தம்பி இறக்கிய தண்ணீரை நக்கிப் பார்ப்பதா என்று இருந்தது. பின்வராந்தா கான்கிரீட் அன்று கணவர் மட்டும் வேலைக்குப் போகாமல் கூட நின்றார். கப்பலில் உப்பு ஏறுகிற சமயம் என்பதால் எனக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் வந்து, "தண்ணி பாத்தீங்களா?" என்று கேட்டேன். "நல்ல தண்ணிதான்" என்றார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் நான்தான் சொன்னேன்: "லாரித் தண்ணிதாங்க. ஒரு சொட்டு போர்த் தண்ணி கிடையாது."

மழைக்காலத்தில் துணி காய்வதில்லை. அடுத்த மழைக்கு முன் பின்வராந்தா மேற்கூரையில் கப்பி வைத்த கொடி ஒன்றை மாட்டினால், கயிற்றை இழுத்து மேலே ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு நான்கு கொக்கிகள், நான்கு ஓட்டைகள். இதைச் சொன்னதும் கணவரின் முகம் மாறியது. அன்று அதை நான் வேறு விதமாகப் புரிந்துகொண்டேன்.

"சுவத்துல எவ்வளவு வேணாலும் போடு. மேல மட்டும் வேண்டாம். ஒழுகும்."

"கூரை கனத்துல பாதி கூடப் போகாது. எப்படி ஒழுகும்?"

"சொன்னாக் கேளேன்ளா. கொடியக் கொல்லையிலயே கட்டிக்கிடலாம்."

"மழைக்கும் கொல்லையிலயா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

தலைக்கு மேல் துளைக்கும்போது தூள் முகத்தில் கொட்டும். அதற்கு ஒரு வழி உண்டு. காகிதக் கோப்பையின் அடியில் துளையிட்டு பிட்டில் மாட்டிக்கொண்டால், தூள் அதற்குள் விழும். எவ்வளவு ஆழம் என்பதற்கு பிட்டில் நாடா சுற்றி அடையாளம் வைத்தேன். ஏணியை அகட்டி நிறுத்தி, மெயினை அணைத்து, பக்கக் கைப்பிடியை இடக்கையால் பிடித்து, வளையத்தைச் சுத்தியல் படத்துக்குத் திருப்பி, அழுத்தினேன்.

பூச்சு உதிர்ந்தது. கான்கிரீட் தொடங்கியது. சத்தம் கெட்டியாக மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறியது, பிறகு மறுபடி மெத்தென்று ஆனது. திடீரென்று கைப்பிடி ஓர் உதறு உதறியது. பிட் கம்பியில் பட்டிருக்கிறது. அப்படிப் பட்டால் மேலும் அழுத்தக் கூடாது, நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினேன். பிட்டை வெளியே எடுத்துக் கோப்பையைப் பார்த்தேன்.

தூள் வெளுப்பாக இல்லை. பழுப்பாக இருந்தது. நடுநடுவே செதில் செதிலாகத் துரு. விரலில் எடுத்தால் ஈரமாக ஒட்டியது. பல மாதமாக மழை தொடாத கூரையில் ஈரம் எங்கிருந்து வரும்?

சிமெண்ட் தூளை வாயில் வைக்கக் கூடாது. இதைப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே தெரியும். மாஸ்க்கை இறக்கிவிட்டு விரல்நுனியை நாக்கில் வைத்தேன். கை அதுவாகப் போனது. உப்பளத்தில் வேலை செய்கிற எவருக்கும் அப்படித்தான் போகும். துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன். கொப்பளித்த பிறகும் கரித்தது.

ஆனாலும் ஒரு நாக்கை நம்பி ஒருவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. இது கடலோர ஊர். காற்றே உப்பைக் கொண்டுவந்து சுவரில் அப்பும். அதனால் அடுத்த ஓட்டையைக் கம்பியை விட்டுத் தள்ளிப் போட்டேன். மேலாக வந்த தூளைக் கொட்டிவிட்டு, ஆழத்துத் தூளை மட்டும் புதுக் கோப்பையில் பிடித்தேன். மற்ற இரண்டு இடங்களிலும் அப்படியே. ஒப்பிட்டுப் பார்க்க, தெருமுனையில் வடிகால் வேலைக்காக உடைத்துப் போட்டிருந்த பழைய கான்கிரீட் துண்டு ஒன்றை எடுத்து வந்து, அதையும் துளைத்துத் தூள் எடுத்தேன். அதுவும் இதே கடற்காற்றில் கிடந்ததுதான்.

மறுநாள் வேலை முடிந்ததும் பரிசோதனைக் கூடத்திலேயே தங்கினேன். தூளைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, வடிகட்டி, சில துளி நைட்ரிக் அமிலம் விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் விட்டேன். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும். தெருமுனைக் கான்கிரீட்டில் லேசான மங்கல். எங்கள் பின்வராந்தா தயிராகத் திரிந்து அடியில் தங்கியது. மூன்று கோப்பையும் அப்படித்தான். கழுவி வைத்த குழாய்களை எடுத்து இன்னொரு தடவை செய்தேன். அதே தயிர்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சோதனையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் கேட்டேன்.

"பின்வராந்தா கான்கிரீட் அன்னைக்குத் தண்ணிய வாயில விட்டுப் பாத்தீங்களா?"

அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை.

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு, "லாரி வரலளா. வழியில பிரேக்டவுன். ஆளுக பூரா வந்து நிக்காவ. மிக்சர் நிக்குது. பால்காய்ப்புக்குக் கார்டு அடிச்சுக் கொடுத்தாச்சு. மாப்ள எங்கிட்ட வந்து, 'அத்தான், வராந்தாதானே, போர்த் தண்ணிய விட்டுருவோமா'ன்னு கேட்டான்" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"எங்கிட்ட நல்ல தண்ணின்னீங்களே."

"சொல்லியிருந்தா நீ உடைக்கச் சொல்லியிருப்ப."

உண்மைதான், சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் அதைச் சரியாகக் கணித்திருக்கிறார்கள். என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்கள் என்பதால்தான் என்னிடம் மறைக்க முடிந்திருக்கிறது. கொடி வேண்டாம், மேலே துளைக்காதே என்றபோது அவருக்குக் கவலை ஒழுகலைப் பற்றி இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

தம்பியை வரச் சொன்னேன். பைக்கை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். "என்னக்கா, கூப்புடுத குரலே ஒரு மாதிரி இருந்துச்சு. அத்தானோட சண்டையா?"

பின்வராந்தாவுக்குக் கூட்டிப் போய் ஓட்டைகளைக் காட்டினேன். கோப்பையை நீட்டினேன். அவன் தூளை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"கடக்காத்துக்கா. தூத்துக்குடியில எந்தச் செவுத்தை நக்குனாலும் கரிக்கத்தான் செய்யும்."

"இது மேல்தூளு இல்ல. உள்ள இருந்து எடுத்தது. டெஸ்ட் பண்ணியாச்சு. உங்க அத்தானும் சொல்லியாச்சு."

அவன் சிரிப்பு போய்விட்டது. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான்.

"ஒரே ஒரு நாளுக்கா. அதுவும் வராந்தா மட்டுந்தான். வேற வழி இல்ல."

"ஏலே, வேற யாரு வீடாவது இருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"நிப்பாட்டியிருப்பேன்." இதைச் சொல்ல அவன் யோசிக்கவே இல்லை. "வேற ஆளுன்னா பக்கத்துலயே நின்னு பாப்பாங்க. பின்னால பிரச்சினை பண்ணுவாங்க. நீ எங்க அக்கால்லா."

அவன் அதை ஓர் அன்பான வார்த்தையாகவே சொன்னான். எனக்குக் காதில் அடைப்பான் வைத்தது போல் ஆனது. அந்நியர்களுக்கு நல்ல தண்ணீர், சொந்த அக்காவுக்குப் போரில் வந்தது. அந்தக் கூரைக்கடியில் நின்று எத்தனை பேரிடம் நான் லாரித் தண்ணீர் என்று சொல்லியிருப்பேன், அவன் பக்கத்தில் நின்று தலையாட்டியிருப்பான். அத்தனை பேரும் என்னை நம்பித்தான் அவனுக்கு வேலை கொடுத்தார்கள்.

"மத்த ரூமெல்லாம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நல்ல தண்ணிதான்க்கா. சத்தியமா."

நாங்கள் சாப்பிடுவதும் படுப்பதும் அந்தக் கூரைகளுக்குக் கீழேதான். வராந்தா விழுந்தால் துணிதான் போகும். படுக்கையறை விழுந்தால்? அவன் சத்தியத்தை எந்தக் குழாயில் ஊற்றிச் சோதிப்பது?

அவன் போன பிறகு ஒரு கூரைக்கு ஓர் ஓட்டை என்று முடிவு செய்தேன். மாட்டுவதற்கு எதுவும் இல்லை. தூளுக்காக மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கட்டிலை ஓரம் தள்ளி, சோபாவுக்குத் துணி போர்த்தி, படுக்கையறையையும் சமையலறையையும் முடித்தேன். கூடத்தில் ஏணி மேல் நிற்கும்போது வாசலில் பேச்சுக் குரல். தம்பி ஒரு கணவன் மனைவியோடு உள்ளே வந்துவிட்டான். வருவதாகப் போன வாரமே சொல்லியிருந்தான், நடந்ததற்கெல்லாம் பிறகு வரமாட்டான் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். நான் யாரிடமும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவன் நினைத்திருக்கிறான்.

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "என்னக்கா, நீங்களே டிரில் போடுதீங்களா? எதுக்கு?"

"என்ன தண்ணியில கட்டினதுன்னு பாக்கேன்" என்றேன்.

தம்பி உடனே குறுக்கே வந்தான். "எங்க அக்கா லேப்ல வேலை பாக்கா. சாம்பாரு வச்சாக் கூட டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஊத்துவா."

அவர்கள் சிரித்தார்கள். நான் பேட்டரியைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கண்ணாடியையும் மாஸ்க்கையும் எடுத்தேன். அவர்களைப் பின்வராந்தாவுக்குக் கூட்டிப் போய், துரு வழிந்த ஓட்டையைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மற்ற அறைகள் எப்படி என்று இன்னும் தெரியாது, நாளைக்குத் தெரியும் என்றும் சொன்னேன்.

அந்த மனிதர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்" என்று அவர்கள் கிளம்பினார்கள். டீ கூடப் போடவில்லை.

"என் பொழப்பக் கெடுத்துட்டியேக்கா" என்றான் தம்பி. கண் கலங்கியிருந்தது. "கூடப் பொறந்தவ செய்யுத வேலையா இது?"

"வராந்தாவுக்குப் போர்த் தண்ணிய விட்டப்போ நான் யாருலே?"

செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பைக் தெருமுனை தாண்டும் வரை சத்தம் கேட்டது. நான் மறுபடி ஏணியில் ஏறினேன். கூடத்து ஓட்டை பாதியில் நின்றிருந்தது.

திங்கட்கிழமை எல்லாக் கோப்பைகளையும் சோதித்தேன். படுக்கையறை, சமையலறை, கூடம் எல்லாவற்றிலும் தெருமுனைத் துண்டில் கண்ட அதே மங்கல்தான். கம்பிக்குக் கேடு இல்லை. தம்பி சொன்னது உண்மை. வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் பெருமூச்சு விட்டு, "அப்பவே சொன்னான்லா. நீதான் நம்பல" என்றார்.

"ஆமா, நம்பல" என்றேன். இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. உண்மை சொன்ன நாளிலும் அவனை நம்ப முடியாதபடி செய்தவன் அவன்தான். நல்ல முடிவு வந்த அன்று சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை. தம்பிக்கு ஃபோன் செய்து முடிவைச் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அதன் பிறகு அவனும் கூப்பிடவில்லை.

பின்வராந்தாக் கூரையை உடைத்துத்தான் போட வேண்டும் என்று வேறு ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லிவிட்டார். உடைக்கிற ஆட்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். தண்ணீர் லாரிக்கும் நானே சொல்லியிருக்கிறேன். லாரி வராவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை அனுப்பிவிட வேண்டும் என்று புதுக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன். கான்கிரீட் அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

நேற்றுச் சாப்பிடும்போது கணவர், "அன்னைக்கு நானும் லீவு போட்டுட்டு கூட நிக்கேன்" என்றார்.

"வேண்டாம். நீங்க வேலைக்குப் போங்க" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குழம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.